சுவரில் ஒரு சாட்சி
(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பிழைக்க வந்த ஊரில் போலீஸ் நம் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போனால், உள்ளே நடப்பதற்குச் சாட்சி யார்? பாஷை தெரியாது, வக்கீல் கிடையாது. சுவரில் இருக்கும் காமிரா ஒன்றுதான்.

அதையும் ஊமையாக்கிவிடுகிறார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் அடிபட்ட ஜெயராஜும் மகன் பென்னிக்சும் அடுத்தடுத்து மாண்டார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் என்ன கண்டார்? பதிவுப் பெட்டியில் இடம் தாராளமாக இருந்தது. இருந்தும், அன்றன்றைய படம் அன்றன்றே அழியும்படி அமைத்து வைத்திருந்தார்கள்!

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆவது பிரிவுப்படி, கோர்ட்டுக்கு வரவேண்டிய மின்னணுப் பதிவை அழித்தால் 3 ஆண்டு வரை சிறை. பழைய சட்டத்தில் 2 ஆண்டுதான். கொலையை மறைக்க அழித்தால், 238-ஆவது பிரிவில் 7 ஆண்டு வரை. ஆனால் “மெஷின் ரிப்பேர்” என்று கையை விரித்தால், வேண்டுமென்றே அழித்ததாக யார் நிரூபிப்பது? சாவி அவர்கள் இடுப்பில் அல்லவா தொங்குகிறது!

ஜெயில்களில் காமிரா வைக்க 2015-லேயே சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2020 டிசம்பரில், எல்லாக் காவல் நிலையங்களிலும் வைத்து, குறைந்தது ஓராண்டுப் பதிவைக் காக்கவேண்டும் என்றது.

ஆகவே ஆள் பிடிபட்ட அன்றே, தேதியும் நேரமும் குறித்து, பதிவைப் பத்திரப்படுத்தக் கோரி மனித உரிமைக் கமிஷனுக்கும் போலீஸ் மேலதிகாரிக்கும் மனு அனுப்புங்கள். ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் அழிந்தால், தெரியாமல் அழிந்தது என்று சொல்வது கடினம். எழுதத் தெரியாதவர்கள் சங்கத்துக்கு வாருங்கள். நடுராத்திரியானாலும் கதவைத் தட்டுங்கள்.