பழகுநர் உரிமத் தேர்வும் நம் இளைஞரும்

(வெள்ளிவிழாவையொட்டிச் சேவூரில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விச் சங்கத்தின் விழா மேடையில் கல்லூரிப் படிப்பைப் பற்றியும் அரசுப் பணித் தேர்வுகளைப் பற்றியும் பேசுவது வழக்கம். இன்று நாம் மிகச் சிறிய ஒரு தேர்வைப் பற்றிப் பேச விழைகிறோம். வண்டியோட்டப் பழகுவதற்கு முன்னர் எழுதவேண்டிய தேர்வு அது. நம் மக்கள் எல்.எல்.ஆர். என்று வழங்கும் பழகுநர் உரிமத்துக்கான தேர்வு. இதற்கும் கல்விச் சங்கத்துக்கும் என்ன தொடர்பு என்று சிலர் எண்ணலாம். தொடர்பு உண்டு, அதனை எடுத்துரைக்கவே முன்வந்தோம்.

சாலை என்பது நமக்கு எளிதில் கிடைத்த பொருளன்று. 1924ஆம் ஆண்டில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் சென்னைச் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுவழியிலும் தெருவிலும் எவ்வகுப்பாரும் தடையின்றி நடக்கலாம், பொதுக் கிணற்றையும் பொது இடங்களையும் பயன்படுத்தலாம் என்பதே அதன் சாரம். தெருவில் நடப்பதற்கே சட்டமன்றத் தீர்மானம் தேவைப்பட்ட சமுதாயம் நம்முடையது. நடக்கும் உரிமையைப் பெற்றுத் தந்தவர்கள் நம் முன்னோர்கள். அச்சாலையில் அறிவோடு செல்லும் தகுதியைப் பெறவேண்டியவர்கள் நாம்.

இதனினும் ஆழமான பாடம் ஒன்று அண்ணல் அம்பேத்கரின் வாழ்வில் உண்டு. அவரே எழுதிவைத்த செய்தி அது. 1929ஆம் ஆண்டு. தீண்டப்படாதார் குறைகளை ஆராயப் பம்பாய் அரசு அமைத்த குழுவில் அவர் ஓர் உறுப்பினர். அப்பணியின்போது சாலீஸ்காவ் என்னும் ஊரில் இறங்கினார். அங்கிருந்த நம்மவர்கள் அவரைத் தம் குடியிருப்புக்கு அழைத்துச் செல்லக் குதிரை வண்டி தேடினர். வண்டிக்காரர்களோ தீண்டப்படாதார் ஒருவரை ஏற்றி ஓட்டுவது தமக்கு இழுக்கு என்று மறுத்தனர். முடிவில், வண்டியை வாடகைக்குத் தருவோம், ஆனால் நாங்கள் ஓட்டமாட்டோம் என்று ஓர் ஏற்பாடு நிகழ்ந்தது. அதுவரை வண்டியே ஓட்டியறியாத நம்மவர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்தார். சிறிது தொலைவில் மோட்டார் வண்டியொன்றின்மீது மோத இருந்து தப்பினர். பின்னர் ஆற்றின் குறுக்கேயிருந்த சிறு பாலத்தில் சக்கரம் கற்களுக்கிடையே சிக்கிற்று. அண்ணல் கல் தரையில் தூக்கியெறியப்பட்டார். அவரது கால் முறிந்தது. குதிரையும் வண்டியும் ஆற்றில் வீழ்ந்தன.

இந்நிகழ்ச்சியில் குற்றவாளி யார்? ஓட்ட மறுத்த சாதியாணவமே குற்றவாளி. அதில் ஐயமில்லை. ஆயினும் கடிவாளம் பிடித்தவரின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். தம் தலைவர்மீது அவருக்கு அன்பு குறைவா? இல்லை. துணிவு குறைவா? இல்லை. பயிற்சி ஒன்றுதான் இல்லை. அன்பும் துணிவும் நிறைந்திருந்தும் பயிற்சியில்லாமையால், யாரைக் காக்க விரும்பினாரோ அவரையே காயப்படுத்த நேர்ந்தது. அன்று அந்தப் பயிற்சி நமக்கு மறுக்கப்பட்டிருந்தது. இன்று அது மறுக்கப்படவில்லை. கிடைக்கும் பயிற்சியை நாமே வேண்டாமென்று தள்ளினால், அந்தப் பழியை எவர்மீது சுமத்துவது?

இனித் தேர்வுக்கு வருவோம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் மத்திய விதிகளும் இத்தேர்வை வகுத்துள்ளன. விதிகள் நான்கு பொருள்களைக் கேட்கின்றன. சாலைச் சின்னங்களும் சைகைகளும் சாலை விதிகளும் ஒன்று. விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமைகள் இரண்டு. காவலாளி இல்லாத இருப்புப்பாதைக் கடவையில் காட்டவேண்டிய எச்சரிக்கை மூன்று. வண்டியோட்டும்போது உடன் வைத்திருக்க வேண்டிய ஆவணங்கள் நான்கு. நூற்றுக்கு அறுபது விழுக்காடு சரியாக விடையளித்தால் தேர்ச்சி. தமிழிலேயே எழுதலாம். எட்டாம் வகுப்பைத் தாண்டாதவருக்கும் இது கடக்கமுடியாத மலையன்று.

சின்னங்களை எவ்வாறு படிப்பது? ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய முயல்வோர் தேர்வறையில் குழம்புவர். பட்டு நெய்பவர் பாவைப் பிரித்தறிந்து கொள்வதுபோல, முதலில் வடிவத்தையும் நிறத்தையும் பிரித்தறிய வேண்டும். சிவப்பு வளையமிட்ட வட்டம் பெரும்பாலும் செய்யாதே என்று தடுக்கும். நீல வட்டம் இவ்வாறு செய் என்று கட்டளையிடும். சிவப்பு விளிம்புள்ள முக்கோணம் முன்னே வளைவு, பள்ளி, குறுகிய பாலம் என்று எச்சரிக்கும். நீல நிறச் செவ்வகம் மருத்துவமனை, பெட்ரோல் நிலையம் போன்ற செய்தி கூறும். தலைகீழ் முக்கோணம் வழிவிடு என்பது. எண்கோணம் நில் என்பது. இவ்வடிவங்களை ஒருவன் உணர்ந்துவிட்டால் பாதித் தேர்வு முடிந்தது.

விதிகளையும் காரணத்தோடு படித்தால் மறவா. சரிவான சாலையில் மேலேறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிடவேண்டும். ஏனெனில் ஏறும் வண்டி நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது கடினம். வெள்ளைத் தடியோடு பார்வையற்ற ஒருவர் சாலையைக் கடக்க முற்பட்டால், அத்தடியையே நிறுத்தக் குறியாகக் கொண்டு நிற்கவேண்டும். இது வெறும் தேர்வு வினாவா? எளியவர்க்கு வலியவர் வழிவிட வேண்டும் என்னும் அறம் அன்றோ இது! சமத்துவம் கேட்டுப் போராடும் நாம் சாலையில் இந்தச் சமத்துவத்தை முதலில் காட்டவேண்டாமா?

விபத்துக் கடமைகளை மிகுந்த கவனத்தோடு படியுங்கள். காயமுற்றவர்க்கு மருத்துவ உதவி கிடைக்க வழிசெய்வது ஓட்டுநரின் முதற்கடமை. காவலர் அருகில் இல்லையெனில் அண்மைக் காவல்நிலையத்தில் கூடிய விரைவில், எவ்வாறாயினும் 24 மணி நேரத்துக்குள், செய்தி தெரிவிக்கவேண்டும். காப்பீட்டு நிறுவனத்துக்கும் அறிவிக்கவேண்டும். வழியில் அடிபட்டுக் கிடப்பவரைக் காப்பாற்ற முனைவோருக்கு 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சட்டப் பாதுகாப்பு அளித்துள்ளது. ஆகவே, நமக்கேன் வம்பு என்று ஒதுங்கிச் செல்லவேண்டியதில்லை.

இருப்புப்பாதைக் கடவையைப் பொறுத்தவரை, நம் நாட்டு அகலப் பாதைகளில் காவலாளியில்லாக் கடவைகள் 2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தோடு அகற்றப்பட்டன. எனினும் சட்டம் கூறும் விடை மாறவில்லை: வண்டியை நிறுத்தி, உதவியாளரோ ஓட்டுநரோ இறங்கி நடந்து, இருபுறமும் வண்டித்தொடர் வரவில்லை என்று கண்டறிந்த பின்னரே கடக்கவேண்டும்.

ஆவணங்கள் எவை? ஓட்டுநர் உரிமம், பதிவுச் சான்று, காப்பீட்டுச் சான்று, புகைச் சான்று ஆகியவை. வாடகை வண்டியாயின் அனுமதிச் சீட்டும் தகுதிச் சான்றும் வேண்டும்.

தேர்வில் வென்றவர் பெறும் பழகுநர் உரிமம் ஆறு மாதங்களுக்குச் செல்லும். முப்பது நாள்கள் கழிந்த பின்னரே ஓட்டிக்காட்டும் தேர்வுக்குச் செல்லலாம். இடைக்காலத்தில் வெண்பலகையில் சிவப்பு எழுத்தாக ‘எல்’ என்னும் அடையாளம் முன்னும் பின்னும் இருத்தல் வேண்டும். உரிமம் பெற்ற பயிற்றுநர் உடனிருத்தல் வேண்டும். இருசக்கர வண்டியில் அவரைத் தவிர வேறெவரையும் பின்னே ஏற்றலாகாது.

இளைஞர்களே, இங்குதான் சோதனை தொடங்குகிறது. இந்நாளில் ஆதார் எண்ணைக் கொண்டு வீட்டிலிருந்தபடியே இத்தேர்வை எழுதும் வசதியும் வந்துள்ளது. இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். இவை நமக்குக் கிடைத்த வசதிகள். ஆனால், பணம் கொடுங்கள், வினாக்களுக்கு நாங்களே விடையளித்து விடுகிறோம் என்று கூறும் தரகர்களும் உள்ளனர். அரசுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். தரகருக்குக் கொடுக்கும் பணம் உரிமத்துக்கான விலையன்று. நம் அறியாமையைப் பாதுகாப்பதற்கான விலை. தாள் கிடைக்கும், தகுதி கிடைக்காது. 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். தமிழ்நாட்டில் 17,884 பேர். இவ்வெண்களுக்குப் பின்னே எத்தனை குடும்பங்கள் என்பதை எண்ணுங்கள். நெய்தும் கூலிவேலை செய்தும் பிள்ளையைப் படிக்கவைக்கும் குடும்பத்தில், அப்பிள்ளையின் உயிரே முதலீடு.

பெற்றோர்க்கும் ஒரு சொல். மகன் பள்ளியில் படிக்கும்போதே வண்டியைக் கொடுப்பது பாசமன்று. பதினெட்டு வயது நிரம்பாதவர் ஓட்டி மாட்டிக்கொண்டால், பெற்றோரோ வண்டி உரிமையாளரோ 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனையும் 25,000 ரூபாய் தண்டமும் அடையக்கூடும். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு நீக்கப்படும். அச்சிறுவன் 25 வயது வரை உரிமம் பெறமுடியாது. ஒருநாள் பெருமைக்காக ஏழாண்டு வாழ்வை இழக்கலாமா?

இழப்பைப் பற்றி மட்டும் பேசுவது நம் நோக்கமன்று. உரிமம் ஒரு வாழ்வாதாரம். வாடகை வண்டியோட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதி 2019இல் நீக்கப்பட்டது. பள்ளியை இடையில் விட்ட நம் பிள்ளைகளுக்கு ஒரு கதவு திறந்தது. இலகுரக வாகன உரிமம் உடையவர், 7,500 கிலோவுக்கு மேற்படாத வாடகை வண்டியையும் தனி ஒப்புதலின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்ற அரசமைப்பு ஆயம் 2024 நவம்பரில் தீர்ப்பளித்தது. 1974இல் தோன்றிய தாட்கோவின் தொழிற்கடனை நாடி வண்டி வாங்க எண்ணுவோருக்கும் உரிமமே முதற்படி. பெண்பிள்ளைகளுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். தங்கை ஆரணிக்குப் படிக்கச் செல்ல அண்ணனின் ஓய்வுக்காகக் காத்திருக்கவேண்டிய நிலை மாறவேண்டும்.

ஆகவே நாம் ஒன்றைத் தொடங்குவோம். ஞாயிறுதோறும் மாலையில் ஒரு மணிநேரம் கூடுவோம். வினாத் தொகுப்பை ஒருவர் உரக்கப் படிக்கட்டும். எழுத்தறியாத பெரியவர்களும் செவிவழிக் கற்கட்டும். சின்னங்களை அட்டையில் வரைந்து பிள்ளைகள் காட்டட்டும். தேர்ச்சி பெற்றவர் அடுத்த வாரம் ஆசிரியராக வந்து அமரட்டும். ஒருவர் தவறினால் நாணவேண்டியதில்லை. கட்டணம் செலுத்தி மறுபடியும் எழுதலாம். படிக்காமல் வெல்வதற்கே நாணவேண்டும்.

கற்பி என்று அண்ணல் நமக்கிட்ட கட்டளை பட்டப்படிப்புக்கு மட்டும் உரியதன்று. ஓட்டுநர் இருக்கையில் அமரும் நம் பிள்ளை, அதற்குரிய அறிவோடு அமரட்டும்.