களை என்று எல்லாப் பூவையும் பிடுங்கலாமா?

(தாம்பரம் சுற்று வட்டார கிராமக் குழுக்களின் கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசிய உரை)



மாதாமாதம் சேமிப்பு, தவணை, வங்கிக் கடன் என்றே பேசுகிறோம். இன்று ஒரு மாறுதலுக்குப் பூவைப் பற்றிப் பேசலாம். முழம் போட்டு விற்கிற மல்லியும் கனகாம்பரமும் இல்லை. ஏரிக்கரையிலும் கழனி வரப்பிலும் யாரும் விதைக்காமல், யாரும் தண்ணி ஊற்றாமல் பூக்கிறதே, அந்தப் பூக்கள். "பூவுக்கும் குழுவுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கலாம். கடன் போட்டு வாங்கிய ஆட்டுக்கும், களை எடுக்கிற நம் கைக்கும், பிள்ளைகளுக்கு வதக்கிப் போடுகிற கீரைக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

முதலில் நம்ம மண்ணின் பூக்களைப் பார்ப்போம். தும்பை எல்லோருக்கும் தெரியும். தண்டைச் சுற்றிப் பந்து மாதிரி இருக்கும், அதில் வெள்ளை வெளேரென்று பூ எட்டிப் பார்க்கும். நெருஞ்சி காலில் குத்தும்போதுதான் ஞாபகம் வரும். ஆனால் அதன் மஞ்சள் பூ சூரியனைப் பார்த்தே மலரும், ஒரு காலை நேரம் நின்று பாருங்கள். விஷ்ணுகிரந்தி தரையோடு தரையாகக் கிடக்கும், பூ சட்டைப் பொத்தானைவிடச் சிறிசு, நல்ல நீலம். துத்தியின் மஞ்சள் பூ சாயங்காலமாகத்தான் விரியும். எருக்கு இல்லாமல் பிள்ளையார் சதுர்த்தி இல்லை. அதன் பால் மட்டும் கண்ணில் படக் கூடாது.

ஆவாரம்பூவுக்கு நம்ம பகுதியில் ஒரு கதையே உண்டு. ஒரு காலத்தில் தோல் பதனிட ஆவாரம் பட்டையைத்தான் பயன்படுத்தினார்கள். பிறகு குரோம் உப்பில் பதனிடும் முறை வந்தது. அப்படிப் பதனிடும் கம்பெனி இருந்ததால்தான் குரோம்பேட்டைக்கு அந்தப் பேரே வந்தது. பட்டைக்கு மவுசு போனாலும் பூ நம்மை விட்டுப் போகவில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற ஊர்களில் ஆவாரம்பூவும் சிறுபூளையும் வேப்பிலையும் சேர்த்துத்தான் கட்டுகிறார்கள்.

இனி வெளியூரிலிருந்து வந்து குடியேறியவை. வந்ததெல்லாம் பகை என்று சொல்ல மாட்டோம். மிளகாயும் தக்காளியும்கூட அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவைதான். பிள்ளைகள் தலையைச் சுண்டி விளையாடுகிற தாத்தா பூ, அதாவது வெட்டுக்காயப் பூண்டு, அதுவும் அங்கிருந்து வந்ததே. வந்த இடத்தில் மற்றதை வாழ விடாமல் பரவுகிறதே, அதைத்தான் ஆக்கிரமிப்புச் செடி என்கிறோம்.

அதில் முதல் எதிரி பார்த்தீனியம். 1950-களில் புனே பக்கம் இது பரவுவதைக் கவனித்தார்கள். வெளிநாட்டுக் கோதுமையோடு வந்தது என்று சொல்வார்கள். இலை கேரட் இலை மாதிரி கிழிந்து கிழிந்து இருக்கும், பூ அரிசிக் குருணை மாதிரி வெள்ளையாக இருக்கும். ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். தொட்டால் பலருக்குத் தோல் அரிப்பு, புண் வரும். மகரந்தம் மூச்சில் போனால் சிலருக்கு இழுப்பு வரும். தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. சுற்றியுள்ள கிராமங்களிலும் கழனிகள் மனைகளாகிக்கொண்டே வருகின்றன. புல்டோசர் தள்ளிய வெறும் மண்ணில் முதலில் முளைக்கிறது பார்த்தீனியம்தான்.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டும். சுத்தம் செய்கிறோம் என்று தும்பை, துத்தி, ஆவாரை எல்லாவற்றையும் சேர்த்து வழித்து எடுத்தால், காலியான அந்த இடத்தைப் பிடிக்கப் போவது யார்? பார்த்தீனியமேதான். துத்தி மாதிரி செடிகள் அடர்ந்து நின்றால் பார்த்தீனியத்துக்கு இடம் கிடைக்காது. வேளாண் துறையில் உள்ளவர்களும் இதை ஒரு வழியாகவே சொல்கிறார்கள். அதனால் பார்த்தீனியத்தை மட்டும், பூ விடுவதற்கு முன்னால், மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குங்கள். கையில் உறை போடுங்கள், இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொள்ளுங்கள். மூக்கைத் துணியால் கட்டுங்கள். அரிப்போ இழுப்போ உள்ளவர்கள் இந்த வேலைக்குப் போகவே வேண்டாம்.

அடுத்து, ஆடு மாடு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள். ஏரிக்கரையில் வெளிர் ஊதாவும் ரோஸுமாகப் புனல் மாதிரி பூக்கிறது நெய்வேலிக் காட்டாமணக்கு. பார்க்க அழகு, ஆட்டுக்கு விஷம். தின்று பழகிய ஆடு அதையே தேடிப் போகும், நாளாக நாளாக உடம்பு நடுங்கித் தள்ளாடும். உண்ணிச்செடியின் பூ ஒரே கொத்தில் மஞ்சள், ஆரஞ்சு, ரோஸ் என்று கலந்திருக்கும். அதன் இலையைத் தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் உரியும். ஆடு செத்தாலும் தவணை நிற்காது. மேய்க்கப் போகிற பிள்ளைக்கு இந்த இரண்டு செடியையும் கையைப் பிடித்துக் காட்டிவிடுங்கள்.

ஆனால் இந்த உண்ணிச்செடியையே பிழைப்பாக மாற்றியவர்களும் இருக்கிறார்கள். கூடலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் அதன் குச்சியை வளைத்து நிஜ யானை அளவிலேயே யானைகள் செய்தார்கள். 2021-ல் அந்த யானைகள் லண்டன் பூங்காக்களில் வரிசையாக நின்றன. நம்ம ஏரிகளை மூடுகிற ஆகாயத்தாமரையும் அப்படித்தான். சாக்கடைத் தண்ணி கலந்த இடத்தில் அது மளமளவென்று பெருகும், அல்லிக்கும் மீனுக்கும் வெளிச்சம் விடாது. அதன் தண்டைக் காயவைத்துப் பையும் பாயும் பின்னுகிற குழுக்கள் நாட்டில் பல இடங்களில் உள்ளன. பயிற்சி கிடைத்தால் நாமும் செய்யலாம்.

கீரை பறிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாலை நடுவிலும் பூங்காவிலும் அழகுக்காக நட்டுப் படர்ந்திருக்கும் ஒரு மஞ்சள் பூச்செடியை, மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று நினைத்துச் சிலர் பறிக்கிறார்கள். அது வேறு, வெளிநாட்டுச் செடி. அதன் இலை மூன்று மடலாகப் பிரிந்திருக்கும், நம்ம கரிசலாங்கண்ணியின் இலை அப்படிப் பிரியாது. வெள்ளைக் கரிசலாங்கண்ணி என்றால் கசக்கிப் பாருங்கள், சாறு கொஞ்ச நேரத்தில் கறுத்துவிடும். நம்ம மண்ணின் பூ என்பதாலேயே எல்லாம் சாப்பிடக் கூடியதும் இல்லை. தமிழ்நாட்டின் மாநிலப் பூவான செங்காந்தளின் கிழங்கு கொடிய விஷம். ஊமத்தையும் விஷம். சந்தேகம் இருந்தால் பறிக்காதீர்கள், பார்த்து ரசித்துவிட்டு வந்துவிடுங்கள்.

இதற்கெல்லாம் பெரிய படிப்பு வேண்டியதில்லை. கிறிஸ்தவக் கல்லூரி 1937-ல் தாம்பரத்துக்கு வந்தபோது அதன் வளாகத்தில் மரங்களை வளர்க்க முன்னின்றவர் எட்வர்ட் பார்ன்ஸ். அவர் செடிகளைத் தேடித் தேடிப் படித்தவர், ஆனால் சொல்லிக்கொடுத்த பாடம் வேதியியல். நமக்கும் பார்க்கிற கண் இருந்தால் போதும். பூவின் நிறம் என்ன, இதழ் எத்தனை, இலை எப்படி, எந்த மாதத்தில் எங்கே பூக்கிறது, இந்த நாலு கேள்வியைக் கேட்டுக்கொண்டு நடங்கள்.

ஒரு வேண்டுகோள். வருகிற மாதத்தில் ஒவ்வொரு குழுவும் தன் ஊரில் பத்துப் பூக்களைப் பார்த்து, பெயரைத் தீர்மானப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். வயசான பாட்டிமார்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்த பெயர்கள் நமக்குத் தெரியாது. அவர்களோடு அந்தப் பெயர்களும் போய்விடக் கூடாது. பெயர் தெரியாத செடியை எழுதத் தெரிந்த பிள்ளையை விட்டு வரையச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து கண்டுபிடிப்போம். எதை விடுவது, எதைப் பிடுங்குவது என்று அதற்குப் பிறகு முடிவு செய்வோம்.