மகளிரின் மனச்சோர்வும் மருத்துவ வசதியும்

(சுகாதாரத் துறை அலுவலர்களும் மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)

கிராமப்புறப் பெண் எவரும் "என் மனம் சோர்ந்திருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு வருவதில்லை. கை கால் குடைச்சல், தலைப்பாரம், உறக்கமின்மை, வெள்ளைபடுதல், வேலை ஓடாத அசதி ஆகியனவே அவள் கூறும் குறைகள். அவை சீட்டில் எழுதப்படுகின்றன. இரும்புச்சத்து மாத்திரையும், வற்புறுத்தினால் ஓர் ஊசியும் கிடைக்கின்றன. சில நாட்களில் அதே குறைகளுடன் மீண்டும் வருகிறாள். இரத்தசோகை நம் நாட்டுப் பெண்களிடையே மிகுதி. ஆதலால் மாத்திரை தவறன்று. ஆயினும் அதற்கப்பால் ஒரு கேள்வி கேட்கப்படுவதில்லை. கோவாவில் நடைபெற்ற ஆய்வொன்றில், வெள்ளைபடுதல் என்று முறையிட்ட பெண்களிடம் தொற்றைவிட மனத்துயரமே அக்குறையுடன் நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது.

அதே மாநிலத்தில், மாவட்ட மருத்துவமனை ஒன்றுக்கு வந்த கருவுற்ற தாய்மாரைப் பின்தொடர்ந்த ஆய்வு 2002-ல் வெளியாயிற்று. பேறுகாலத்திற்குப் பின் 6 முதல் 8 வாரங்களில் அவர்களுள் 23 சதவீதத்தினருக்கு மனச்சோர்வு இருந்தது. வறுமை, கணவனின் அடி உதை, ஆண் மகவை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது ஆகியவை அதனுடன் பின்னிக் கிடந்தன. இவர்களுள் பெரும்பாலோர் கருவுற்றிருந்தபோதே மனத்துயரில் இருந்தவர்கள் என்பதே கவனத்திற்குரியது. அம்மாதங்களில் அவர்கள் மருத்துவமனைக்கு வந்துகொண்டுதான் இருந்தனர். எடை பார்ப்பதும் இரத்த அழுத்தம் அளப்பதும் அங்கு வழக்கமே. மனநிலையை அளக்கும் வழக்கம்தான் இல்லை.

வருவதும் எளிதன்று. 2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி கடைக்கும், மருத்துவ நிலையத்திற்கும், ஊருக்கு வெளியேயும் தனியே சென்றுவர அனுமதி பெற்ற பெண்கள் 42 சதவீதத்தினரே. பிறர் துணையுடன் வருகின்றனர். துணைக்கு வந்த மாமியார் அருகில் நிற்கையில், துயருக்குக் காரணம் வீட்டிலேயே இருந்தால், அவள் எதைச் சொல்வாள்? மருந்துகளைப் பூட்டிவைக்க அறை உண்டு. நோயாளி தனித்துப் பேச இடமில்லாத நிலையங்கள் பல.

தேசிய மனநலத் திட்டம் 1982-லும், மாவட்ட மனநலத் திட்டம் 1996-லும் தொடங்கப்பெற்றன. 2017-ஆம் ஆண்டுச் சட்டம் மனநலச் சிகிச்சையை உரிமையாக்கியது. 2022-ல் 14416 என்ற தொலைபேசி எண் வந்தது. ஆனால் வீட்டிலுள்ள ஒரே கைப்பேசி கணவனின் சட்டைப்பையில் இருக்கும்போது அந்த எண்ணால் அவளுக்கு என்ன பயன்? 2015-16 தேசிய மனநல ஆய்வில், மனச்சோர்வுற்றோருள் 100-க்கு 85 பேர் சிகிச்சையின்றியே இருந்தனர்.

மனநல மருத்துவர்கள் பெருகும்வரை காத்திருக்க வேண்டுமென்பதில்லை. கோவாவில் 24 சிகிச்சை நிலையங்களில் நடந்த சோதனையின் முடிவுகள் 2010-ல் வெளிவந்தன. மருத்துவப் பின்னணி இல்லாத உள்ளூர்ப் பெண்கள் இரண்டு மாதப் பயிற்சிக்குப் பின் ஆலோசகர்களாயினர். சிகிச்சை பெற்றவர்களுள் பெரும்பாலோர் மகளிர். அரசினர் நிலையங்களில் ஆறு மாதங்களில் 100-க்கு 66 பேர் குணமடைந்தனர்; ஆலோசகர் இல்லாத நிலையங்களில் சுமார் 42 பேரே. தனியார் மருத்துவரிடம் இத்தகைய வேறுபாடு காணப்படவில்லை.

இரண்டு வாரமாக மனம் வாடியிருக்கிறதா, எதிலும் நாட்டமில்லையா என்ற இரு கேள்விகளைப் பேறுகாலப் பரிசோதனையிலேயே கேட்டுவிடலாம். சில நிமிடங்கள் போதும். ஆனால் கேட்கும் நேரத்தில் மாமியார் வெளியே பெஞ்சில் அமர்ந்திருக்க வேண்டும். "ஆம்" என்று அவள் சொன்னால் அடுத்த வாரமும் அவளைச் சந்திக்க ஒருவர் அந்நிலையத்தில் இருக்க வேண்டும்.