தாழம்பழ அப்பமும் தமிழ் உபதேசியாரும்



வைகைக் கரையில் உட்கார்ந்துகொண்டு நிக்கோபார்த் தீவு மக்களின் வாழ்வையும் கிறிஸ்தவ நம்பிக்கையையும் பற்றி இரண்டு நாள் பேச என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்ன பதிலையே கொஞ்சம் விரித்துத் தலைமையுரையாக வைக்கிறேன்.

மதுரைக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. 1606இல் ராபர்ட் டி நொபிலி என்ற பாதிரியார் இங்கே வந்து, காவி உடுத்தி, தத்துவ போதகர் ஆனார். 1834இல் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்குக் கிளை விட்டது. அந்த மிஷனை நடத்திய பாஸ்டன் நகரத்துச் சங்கம்தான் 1819இல் பசிபிக் கடலில் இருக்கும் ஹவாய்க்கும் ஆள் அனுப்பியது. நம் மதுரைப் பசுமலையும் அந்தத் தீவுகளும் ஒரே சங்கத்தின் பார்வையில் இருந்த இடங்கள். ஆனால் இவையெல்லாம் வெளியிலிருந்து நம்மிடம் வந்தவர்களின் கதை. நம்மிலிருந்து ஒருவர் கடல் கடந்து போன கதையை நாம் சரியாகச் சொன்னதில்லை.

அவர் போன இடம் நிக்கோபார்; ராஜேந்திர சோழன் மெய்க்கீர்த்தி மாநக்கவாரம் என்று சொல்லும் தீவுகள் அவை. அங்கே பேசும் மொழிகள் மோன், கெமர் மொழிகளின் உறவு. வாழ்க்கையிலோ பசிபிக் தீவுகளின் சாயல்: தென்னை, பன்றி, ஒரு பக்கம் மிதவைக் கட்டை கட்டிய தோணி, கால்களின் மேல் நிற்கும் தேன்கூடு போன்ற வட்ட வீடு. தாழை நமக்குப் பூ. கூந்தலில் செருகுவோம், பெட்டிக்குள் போட்டு வைப்போம். அவர்களுக்கு அது சோறு. தாழம்பழத்தைப் பெரிய பானையில் வெகுநேரம் வேகவைத்து, சிப்பியால் நாரிலிருந்து சதையைச் சுரண்டி எடுத்து, பிசைந்து, அப்பமாகத் திரட்டுகிறார்கள். பண்டிகைப் பந்தியில் பன்றிக் கறியோடு அதுவும் இருக்கும்.

1768இல் மொரேவியச் சகோதரர்கள் என்ற மிஷன் குழுவினர் தரங்கம்பாடியிலிருந்து அங்கே போனார்கள். பலர் காய்ச்சலில் மாண்டார்கள். 1787இல் அந்த முயற்சியைக் கைவிட்டார்கள். ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1890களில், வேதப்பன் சாலமோன் என்ற தமிழ் உபதேசியார் கார் நிக்கோபாரின் மூஸ் கிராமத்தில் பள்ளி நடத்தினார். உபதேசியார் என்றால் நம் கிராமங்களுக்குத் தெரியும்: மணி அடிப்பார், பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுப்பார், சாவு வீட்டில் ஜெபம் செய்வார். அந்த எளிய பணியைத்தான் அவரும் தீவில் செய்தார். தமிழில் அவருக்கென்று முழுமையான வாழ்க்கை வரலாறு எழுதப்பட வேண்டும். இதை நான் மனம் வருந்திச் சொல்கிறேன்.

அவரிடம் படித்த சிறுவர்களில் ஒருவன் ஹா-செவ்-கா. மாண்டலே வரை போய்ப் படித்து, ஜான் ரிச்சர்ட்சனாகத் தீவுக்குத் திரும்பினார். ரோமன் எழுத்தில் தம் மொழிக்கு எழுத்து வழக்கம் அமைத்து, புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தார். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் பிடியில் தீவு இருந்தபோது, ஒற்றர்கள் என்று சந்தேகித்து மக்களைச் சித்திரவதை செய்தார்கள், கொன்றார்கள். ரிச்சர்ட்சன் தப்பினார். போருக்குப் பின்புதான் தீவு ஏறத்தாழ முழுவதுமாகத் திருச்சபைக்குள் வந்தது. 1950இல் அவர் பேராயர். 1952இல் முதல் மக்களவையின் நியமன உறுப்பினர். நம்பிக்கை வேர் பிடித்த காலத்தைப் பாருங்கள்: ஊர்க்காரர் ஒருவர், ஊர் மொழியில், ஊரோடு சேர்ந்து அடிபட்டு நின்ற காலம் அது. இந்தக் கருத்தரங்கில் நான் வாதிட விரும்புவது இதுதான். மிஷன் வரலாற்றை, நம்பிக்கையைக் கொடுத்தவர்களின் கடிதங்களிலிருந்தே எழுதிப் பழகிவிட்டோம். வாங்கியவர்கள் அதை எப்படித் தமதாக்கினார்கள் என்பதே வரலாற்றின் பெரும்பகுதி.

அப்படி வாங்கியவர்கள் கையிலிருந்த பாத்திரம் துஹெத். நிலம், தென்னை, பன்றி எல்லாம் துஹெத் எனும் கூட்டுக் குடும்பத்துக்குப் பொது. உசிலம்பட்டிப் பக்கம் மாசி மாதம் குலதெய்வப் பெட்டி தூக்கப் பங்காளிகள் கூடுவதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். தனியாள் முடிவு என்பது அங்கே பிற்பாடு வருகிற சங்கதி. ஞானஸ்நானமும் பண்டிகையும் துஹெத் வழியாகவே நடந்தன. முன்னோருக்கான பன்றித் திருவிழாவும் மறைந்துவிடவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸ் மறுநாள் சுனாமி வந்தது. நாங்கள் மதுரைத் தெருக்களில் அரிசியும் துணியும் திரட்டி நாகப்பட்டினத்துக்கு லாரி அனுப்பினோம். கார் நிக்கோபார் என்ற பெயர் அன்று எங்கள் வாயில் வரவே இல்லை. அங்கே கடலோரக் கிராமங்கள் அழிந்து, மிஞ்சியவர்கள் தீவின் உட்பகுதிக்குப் போனார்கள். முதலில் தகரக் கொட்டகை. பிறகு கணவன், மனைவி, பிள்ளைகள் என்ற கணக்கில் தனித்தனி வீடு. நிவாரணப் பணமும் தனியாள் பெயரில் வங்கியில் போய்ச் சேர்ந்தது. நல்லெண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் அந்த வீடுகளுக்குள் துஹெத்துக்கு இடமில்லை. கூட்டுக் குடும்பம் சிதறினால் அதன் வழியாக வளர்ந்த திருச்சபை என்னவாகும்? நிக்கோபாரிலிருந்து வந்திருக்கும் இளம் ஆய்வாளர்கள் இதற்குப் பதில் சொல்வார்கள் என்று காத்திருக்கிறேன்.

அவர்கள் தங்கள் மொழியிலேயே பேசட்டும். மொழிபெயர்ப்புக்கு ஏற்பாடு இருக்கிறது. முதல் அமர்வு நிக்கோபாரிய மொழியில் வேதாகமச் சொற்கள் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.