கூப்பிட ஒரு பெயர்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

என்னை எழுத்தாளர் என்று அறிமுகப்படுத்தினார்கள். மாதச் சம்பளம் இல்லாமல், யார் கேட்டாலும் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிற ஆள் நான். விஷயத்துக்கு ஏற்றபடி புனைபெயரும் மாறும். அதனால் பெயர்களைப் பற்றியும், எங்கள் வீட்டுப் பூனையைப் பற்றியும் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பயப்படாதீர்கள், இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு.

சொ. விருத்தாசலம் என்றால் கொஞ்சம் யோசிப்பீர்கள். புதுமைப்பித்தன் என்றால் உடனே தெரிந்துவிடும். எஸ். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டு சுஜாதா ஆனார். இவையெல்லாம் தாமே சூட்டிக்கொண்ட பெயர்கள். குறுந்தொகையில் 41-ஆம் பாட்டைப் பாடியவர் கதை வேறு. அவருடைய இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. ஆள் இல்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதை அவர் பாடினார். அதனால் அணிலாடு முன்றிலார் என்றே அவரை அழைத்துவிட்டார்கள். சொந்தப் பெயர் போனாலும் கூப்பிட ஒரு பெயர் வேண்டியிருக்கிறதே!

அதே நூலில் 139-ஆம் பாட்டு ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. பெயருக்கு முன்னால் ஊர் நிற்கிறது, கவனியுங்கள். மாலை வேளையில் வெருகு வருகிறது. பயந்துபோன கோழி தன் குஞ்சுகளைக் கூவிக் கூவி அழைக்கிறது. குஞ்சுகளுக்குத் தனித்தனிப் பெயரா இருக்கிறது? தாயின் குரல்தான் பெயர்.

வெருகு என்றால் காட்டுப்பூனை. அதன் பிள்ளையைக் குட்டி என்றும் சொல்லலாம், பறழ் என்றும் சொல்லலாம் என்கிறது தொல்காப்பியத்தின் மரபியல். அப்படி ஒரு பறழ்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. சாம்பல் நிறம். அம்மா மீன் அலசிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "மீனைக் கண்டா கண்ணு எப்படி மின்னுது பாரு, இது மீனாட்சிதான்" என்றார் அம்மா. மீனாட்சி என்றால் மீன் போன்ற கண்ணுடையவள். அம்மா தன் வழியில் ஒரு பொருள் கண்டுபிடித்தார். சில மாதம் கழித்து அது கடுவன் என்று தெரிந்தது. ஆனாலும் பெயரை மாற்றவில்லை. மீனாட்சியும் ஆட்சேபிக்கவில்லை.

பூனைக்குத் தன் பெயர் தெரியும் என்று ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அதேபோல் ஒலிக்கும் வேறு சொற்களிலிருந்து அது தன் பெயரைப் பிரித்தறிகிறதாம். கூப்பிட்டால் வருமா என்பது வேறு விஷயம். எங்கள் பூனை நான் கூப்பிட்டு வந்ததில்லை. ராத்திரி நான் எழுத உட்கார்ந்தால் மட்டும், கூப்பிடாமலே வந்து தாளின்மேல் படுத்துக்கொள்ளும்.

பதினோரு வருஷம் இருந்தது. ஒரு மார்கழி விடியலில் இறந்துபோயிற்று. வேப்பமரத்தடியில் குழி தோண்டும்போது தெருவில் இருந்தவர்கள் கூடிவிட்டார்கள். "அடடா, நம்ம ஜானியா?" என்றார் டீக்கடைக்காரர். கடைசி வீட்டுப் பாட்டி "ராசா, ராசா" என்று அழுதார். மூன்று இடத்தில் சாப்பாடு, மூன்று பெயர்!

"செல்லமா வச்ச பேரா பாட்டி?" என்று கேட்டேன்.

"இல்ல தம்பி, எங்க வீட்டுக்காரர் பேரு. அவரு இருந்த வரைக்கும் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்ல. போன பொறவு இதை வச்சுத்தான் ஆசைதீரச் சொல்லிக்கிட்டேன்" என்றார்.

கணவர் பெயரை மனைவி சொல்லக் கூடாது என்றிருந்த காலம் அவருடையது. இனி யாரைப் பார்த்து அந்தப் பெயரைச் சொல்வார்? எனக்குப் பேச்சே வரவில்லை.

நண்பர்களே, இந்தக் கல்லூரிப் பதிவேட்டில் நம் எல்லோருக்கும் ஒரு பெயர் இருக்கிறது. விடுதியில் வேறு பெயர் இருந்தது. எங்கள் அறை நண்பன் ஒருவனை அவன் ஊரை வைத்து 'மணப்பாறை' என்றுதான் கூப்பிடுவோம். ஊருக்குப் போய்வந்தால் முறுக்கு நிச்சயம். சில வருஷங்களுக்கு முன் அவன் மகள் போனில் பேசினாள். "அப்பா தவறி மூணு வாரம் ஆச்சு அங்கிள். டைரியில உங்க நம்பர் பக்கத்துல 'மணப்பாறைன்னு சொன்னா தெரியும்'னு எழுதியிருக்காங்க. அது என்ன?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நீங்க அப்பாவை எப்படிக் கூப்பிடுவீங்களோ, அப்படியே ஒரு தடவை கூப்பிடுங்க அங்கிள்" என்றாள். கூப்பிட்டேன்.

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முகவரிக் கையேட்டில் பெயர், ஆண்டு, தொலைபேசி எண்ணோடு, 'நண்பர்கள் கூப்பிட்ட பெயர்' என்று ஒரு கட்டம் சேருங்கள். மனம் புண்படும் பெயர் என்றால் விட்டுவிடலாம். மற்றதை எழுதி வைப்போம். பிள்ளைகளுக்கு ஒருநாள் அது தேவைப்படும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் விடுதிப் பெயர்களையும் இப்போதே குறித்து வையுங்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது. பந்தியில் பக்கத்தில் இருப்பவரை 'சார்' போடாமல் பழைய பெயரால் கூப்பிடுங்கள். திரும்பிப் பார்க்கிறாரா இல்லையா, பாருங்கள்!