பந்தியில் ஒரு கிண்ணம் பாயசம்



நீரிழிவைப் பற்றிப் பேச எழுந்தவன் பாயசத்தைப் பற்றிப் பேசுவதா என்று உங்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைப்புக்குரிய செய்தியன்று இது. 2005, 2006 ஆம் ஆண்டுகளில் இலங்கையின் ஏழு மாகாணங்களில் நடந்த ஆய்வொன்றில், வளர்ந்தோரிற் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்நோய் காணப்பட்டது. வடக்கும் கிழக்கும் அக்கணக்கிற் சேரவில்லை. எனினும் நம்மூர்ப் பந்தி எதிலும் இந்நோயுள்ளார் சிலராவது அமர்ந்திருப்பர் என்பதற்குக் கணக்கு வேண்டுவதில்லை.

ஒருவருக்கு நீரிழிவு என்று வைத்தியர் சொன்ன அன்றே அவருக்கு இனிப்பை முற்றாக விலக்கிவிடுவது நமது வழக்கம். விலக்கப்பட்டவர் என்ன செய்கிறார்? பகலிலே பந்தியில் "எனக்கு வேண்டாம்" என்று கையை மறிக்கிறார். இரவிலே அடுக்களையில் எள்ளுருண்டைப் பேணியை மெல்லத் திறக்கிறார். வீட்டாருக்கும் தெரியாது, வைத்தியருக்கும் தெரியாது. இரத்தத்தில் சீனி ஏறியிருப்பதைக் கண்ட வைத்தியர், மாத்திரை போதவில்லையென்று அளவைக் கூட்டுகிறார். அன்பினாலே செய்த விலக்கு இப்படிக் களவிலே போய் முடிகிறது.

வேறு சிலர் சீனியை விட்டுப் பனங்கட்டிக்கும் தேனுக்கும் கித்துள் கருப்பட்டிக்கும் மாறிவிட்டு, இவை தீங்கற்றவை என்று நம்பியிருக்கிறார்கள். பனங்கட்டியின் மணத்தை நானும் விரும்புகிறேன். ஆனால் அதிற் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே இனிப்புப் பொருள்தான். பெயரும் நிறமும் மாறியதனால் இரத்தம் ஏமாறுவதில்லை. குரக்கனும் அப்படியே, அதில் நார்ப்பொருள் கூடுதலென்பது மெய், ஆனாலும் அது மாப்பொருளே. இரண்டு குவளை குரக்கன் கூழ் குடித்துவிட்டு, "அரிசி தொடவில்லை" என்று பெருமை பேசுவதிற் பயனில்லை.

அப்படியானால் வழி என்ன? சோறு, பிட்டு, பாண், பாயசம் யாவும் வயிற்றிற் சென்றபின் குளுக்கோசாகவே இரத்தத்திற் சேருகின்றன. ஆகையால் இனிப்பை உணவுக்குமேல் ஏற்றாமல், உணவுக் கணக்குக்குள்ளே அடக்க வேண்டும். சமைத்த சோற்றில் மூன்றிலொரு கோப்பை ஏறக்குறைய 15 கிராம் மாச்சத்து. அவ்வளவு சோற்றை இலையிற் குறைத்துக்கொண்டவருக்கு 15 கிராம் மாச்சத்துள்ள சிறு கிண்ணம் பாயசத்துக்கு இடமுண்டு.

அத்தகைய பாயசத்தைப் பத்துப் பேருக்குச் செய்யும் முறையைச் சொல்லுகிறேன். வாலிபர்களும் கேளுங்கள், அடுப்படி பெண்களுக்கு மாத்திரம் எழுதிவைத்ததன்று. பயற்றம்பருப்பு 150 கிராம் எடுத்து மணம் வரும்வரை வறுத்து, நீரில் நன்றாக அவிய விடுங்கள். சவ்வரிசி வேண்டாம்; அது முழுக்க மாப்பொருள். பருப்பு மசிந்தபின் அரை லீற்றர் பசுப்பால் விட்டு ஒரு கொதி வந்ததும் இறக்கி, சீனி பத்துத் தேக்கரண்டி, ஏலம், சிட்டிகை உப்பு, சிறிது கஜு சேருங்கள். ஆளுக்கு ஒரு தேக்கரண்டி சீனிதான். முதல் நாள் இனிப்புப் போதாதென்று முகஞ் சுளிப்பவர்கள் இருப்பார்கள். நாலைந்து முறை உண்டால் நாக்கு பழகிக்கொள்ளும். தேங்காய்ப் பாலைத் தவிர்த்தது, நீரிழிவுள்ளாருக்கு இருதய நோயும் எளிதில் வருமாதலால்.

பழங்களில் கொய்யாவும் பப்பாசியும் நல்லன. கறுத்தக்கொழும்பான் காலத்தில் முழுப்பழம் வேண்டாம், இரண்டு துண்டு போதும். சீனியிடாத தயிரோடு உண்டால் அதுவே ஒரு விருந்து. கடையில் விற்கும் செயற்கை இனிப்பூட்டிகளை அளவோடு பயன்படுத்தலாம். அவற்றுள் அஸ்பாட்டேம் என்பது நெடுநேரம் கொதித்தால் இனிப்பை இழக்கும். இறக்கியபின் சேர்க்க வேண்டும். எதையுண்டாலும் இரண்டு மணிநேரங் கழித்து இரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள். ஒருவர் உடம்புக்கு ஒத்தது மற்றொருவருக்கு ஒவ்வாதிருக்கலாம். சிறுநீரக நோயும் உள்ளவர்கள் பருப்பு, பால் அளவுகளை வைத்தியரிடம் கேட்டே கொள்ளவேண்டும்.

வாலிபர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். இன்சுலின் ஏற்றுபவரும் சிலவகை மாத்திரை உண்பவரும் சாப்பாடு பிந்தினால் வியர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறலாம். இரத்தத்திற் சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியதன் அறிகுறி அது. அவ்வேளையில் சீனியே மருந்து. மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். 15 நிமிடத்தில் தேறாவிடில் மீண்டுங் கொடுங்கள். பாயசத்தை நீட்டாதீர்கள்; அதன் பாலும் பருப்பும் சீனி விரைந்து சேருவதைத் தடுக்கும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாது, வைத்தியசாலைக்கு விரையுங்கள்.

அடுத்த விழாப் பந்தியில் "நீரிழிவுக்காரர் பாத்திரம்" என்று ஒன்றைத் தனியே மூலையில் வைக்கவேண்டாம் என்பது சங்கத்தாருக்கு என் விண்ணப்பம். அவ்வாறு வைத்தால் ஊரார் முன்னே எழுந்துபோய் அதில் அள்ளிக்கொள்ள எந்தப் பெரியவரும் கூசுவார். எல்லாருக்கும் ஒரே பாயசம், சிறு கிண்ணத்தில். கூடுதல் இனிப்பு வேண்டுகிறவர்களுக்குச் சீனிப் போத்தல் மேசையில் இருக்கட்டும். மயக்கம் வந்தாலும் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.