குடியிருப்பு ஒரகடத்தில், ஓட்டு சொந்த ஊரில்

கிராமத்து வாக்காளர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்று பேச வல்லக்கோட்டைக்கு வந்தது பொருத்தம்தான். முருகன் கோயிலைத் தாண்டி ஒரகடம் பக்கம் போனால் ரெனோ, டைம்லர், ராயல் என்ஃபீல்டு என்று ஆலைகள் வரிசை கட்டி நிற்கின்றன. பெயர்ப்பலகை ஊராட்சி என்கிறது. சாலையில் ஓடுவதோ ஷிப்ட் பஸ். இதைக் கிராமம் என்பதா நகரம் என்பதா என்ற குழப்பத்தோடே கருத்தரங்கு தொடங்கட்டும்.

இந்த ஊர்கள் அடங்கிய ஸ்ரீபெரும்புதூர் தொகுதி என்றால் நாட்டுக்கு நினைவு வருவது 1991 மே 21. வேட்பாளர் மரகதம் சந்திரசேகருக்கு ஓட்டுக் கேட்க வந்த ராஜீவ் காந்தி இங்கே கொல்லப்பட்டார். அடுத்த மாத வாக்குப்பதிவில் அதிமுக–காங்கிரஸ் கூட்டணி தமிழகத்தின் 39 மக்களவைத் தொகுதிகளையும் அள்ளியது. அந்த அனுதாப அலையை வைத்தே இந்தத் தொகுதியை இன்றும் விளக்குகிறவர்கள் உண்டு. ஆனால் 1996-இல் தொகுதி திமுகவுக்குப் போனது, 1998-இல் அதிமுகவுக்கு, 1999-இல் மறுபடி திமுகவுக்கு. சட்டமன்றத்தில் 2006-இல் காங்கிரசின் யசோதா, 2011-இல் அதிமுகவின் பெருமாள். 2016-இல் அதிமுகவின் பழனியிடம் தோற்ற காங்கிரசின் செல்வப்பெருந்தகை 2021-இல் அதே பழனியை வென்றார். இந்த நான்கு தேர்தல்களிலும் ஜெயித்தவர் கோட்டையைப் பிடித்த கூட்டணிக்காரர். இது எந்தக் கட்சியின் கோட்டையும் அல்ல. மாநிலக் காற்று எந்தப் பக்கமோ தொகுதியும் அந்தப் பக்கம்.

மக்களவைக் கணக்கு இன்னும் ஏமாற்றும். தொகுதி மறுசீரமைப்புக்குப் பின் மதுரவாயல், அம்பத்தூர், ஆலந்தூர், பல்லாவரம், தாம்பரம் ஆகிய ஐந்து சென்னைப் புறநகர்த் தொகுதிகளோடு ஸ்ரீபெரும்புதூர் சேர்க்கப்பட்டது. 2024-இல் இங்கே வாக்குப்பதிவு 60 சதவீதத்தைச் சற்றே தாண்டியது. பக்கத்துக் காஞ்சிபுரம் தொகுதியில் 71-க்கும் மேல். அந்த 60-ஐ ஒரகடத்துக்காரர் மீது ஏற்றிச் சொன்னால், தாம்பரத்து அடுக்குமாடிக்காரரின் சோம்பலுக்கு இவரைத் தண்டித்ததாகும்.

உண்மையான சிக்கல் வாக்காளர் பட்டியலில் இருக்கிறது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் தொழிலாளர் விடுதியில் 18,720 பேர் தங்கலாம். ஒரு பேரூராட்சிக்குச் சமமான இந்தக் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இங்கே ஓட்டு? 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், வழக்கமாகக் குடியிருக்கும் இடத்தில் பெயர் சேர்க்கச் சொல்கிறது. மூன்று ஷிப்டில் வேலை, காண்ட்ராக்ட் முடிந்தால் வேறு ஊர் என்று வாழ்கிறவர்களின் ரேஷன் கார்டும் ஓட்டும் சொந்த ஊரிலேயே இருக்கின்றன. வாக்குப்பதிவு நாளில் சம்பளத்தோடு விடுப்பு உண்டு. திண்டிவனத்துக்காரருக்கு அது போதும். ஒடிசாக்காரருக்கு? வெளியூரிலிருந்தே வாக்களிக்கும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முயன்றது; எதிர்ப்பு வந்ததும் பேச்சு அடங்கிவிட்டது. 2025 இறுதியில் சிறப்புத் தீவிரத் திருத்தத்தின் வரைவுப் பட்டியலிலிருந்து மாநிலம் முழுக்கச் சுமார் 97 லட்சம் பெயர்கள் நீங்கின. அதில் பெரும்பகுதி இடம் பெயர்ந்தவர்கள், வீட்டில் இல்லாதவர்கள் என்ற கணக்கில் போனவை. வேலை தேடிப் போனவரின் ஓட்டு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

உள்ளூர்க்காரரின் சூடான தேர்தல் வேறு. காஞ்சிபுரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்தது. ஊராட்சித் தலைவருக்குக் கட்சிச் சின்னம் கிடையாது. போட்டிக்கும் குறைவு கிடையாது. ஆலைக்கு ஆள் அனுப்ப, வேன் ஓட்ட, ஸ்கிராப் எடுக்க ஊர்ச் செல்வாக்கு வேண்டும். விளைநிலம் போன குடும்பத்துக்கு மிஞ்சிய வருமானம் வாடகையும் இந்தக் காண்ட்ராக்டுகளும்தான். இங்கே சாய்வு என்பது கொள்கையை விடச் சொந்தம், சாதி, காண்ட்ராக்ட் ஆகியவற்றின் கூட்டு.

அதற்காகக் கொள்கையே இல்லை என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் 2024 செப்டம்பர் 9 முதல் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கப் பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. வழிநடத்திய சிஐடியுவின் தோழமைக் கட்சியான மார்க்சிஸ்ட், அப்போது ஆளும் கட்சியான திமுகவின் கூட்டணியில் இருந்தது. போராட்டத்தில் எதிரணி, தேர்தலில் ஓரணி! பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை எதிர்க்கும் ஏகனாபுரம் மக்கள் 2024 மக்களவைத் தேர்தலையே புறக்கணித்தார்கள். கட்சி வாரியான அட்டவணையில் இந்த இரண்டுக்கும் கட்டம் கிடையாது.

ஆகவே கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். தொகுதி முடிவோடு நின்றுவிடாமல், வாக்குச்சாவடி வாரியாக ஓட்டு விவரம் தரும் படிவம் 20-ஐ எடுத்துப் பாருங்கள். விடுதி, காலனி, பழைய ஊர் என்று சாவடிகளைப் பிரித்துப் படியுங்கள். பட்டியலில் இல்லாதவர்களிடமும் பேசிவிட்டு வாருங்கள்.